கட்டம்போட்ட நட்சத்திரம்

அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே வீடு கட்டிக் குடிபோன வாரத்திலேயே ஊர் எங்களை மலையாளத்தார் என்று முடிவு செய்துவிட்டது. நாங்கள் பேசியது நாகர்கோவில் தமிழ். "நாங்களும் தமிழ்தான்" என்று நான் சொன்னால், "ஆமாம்மா, நல்லாத்தான் பேசுறே. எப்போ கத்துக்கினே?" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரே மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு வந்ததற்கே இப்படி ஓர் அயல்நாட்டுப் பட்டம் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு முன்னால் ஆவடியில், என் கணவர் வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். அங்கே ஒரு கதவைத் திறந்தால் தஞ்சாவூர்க் குழம்பு மணக்கும், எதிர்க் கதவில் திருநெல்வேலிச் சொதி. எல்லாரும் அந்நியர் என்பதால் யாரும் அந்நியர் இல்லை. எனக்குத்தான் அந்த ஒழுங்கான வரிசை வீடுகளில் மூச்சு முட்டியது. கால் ஓரிடத்தில் தரிக்காத பிறவி நான். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்றேன். கேட்டது கடல், கிடைத்தது ஏரி.

ஏரியும் லேசுப்பட்டதல்ல. கார்த்திகை மழையில் நிரம்பி வழிந்து, எங்கள் கேட்டைத் தாண்டி, செம்பருத்திச் செடியைச் சுற்றிக்கொண்டு வாசற்படிவரை வந்து நின்றது. அதோடு கெளுத்தி மீன்களும் வந்தன. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் திகைத்து நின்றபோது, பின்வீட்டு அக்கா மூங்கில் கூடையோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, என் முற்றத்திலேயே மீனை அள்ளினாள்.

"இன்னாம்மே, ஏரியே உன் ஊட்டுக்கு வந்துகீது. வாங்கன்னு சொல்லாம பேய் மாரி நிக்கிறியே!"

அவளுடைய எருமைகள்தான் அந்தப் பகுதியின் பால். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை 'யம்மா' என்றும், கோபம் வந்தால் 'மலையாளம்' என்றும் கூப்பிட்டாள். எருமை எங்கள் அடுக்களைக்குள் தலையை நீட்டித் தோசை மாவை நக்கிய அன்று நான் சத்தம் போட்டேன். அக்கா வந்து எருமையின் வாயைப் பார்த்தாள், பிறகு மாவைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் புளிச்சா அதுவே தின்னாது" என்றாள். அதற்குப் பிறகு நான் மாவைச் சரியாகப் புளிக்க வைக்கக் கற்றேன்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள். இருபதை இன்னும் எட்டாதவள். ஒல்லி உடம்பு, பின்னல் முதுகில் தாளம் போட நடப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கும் வேலை. அந்த ஊரில் அப்படி வேலைக்குப் போன முதல் பெண்களில் ஒருத்தி. காலையில் அவள் ஏரிக்கரை மேல் போவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கீழே நீர், மேலே வானம், நடுவில் கோடு இழுத்ததுபோல் கரை, அந்தக் கோட்டின் மேல் ஒரு டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டு ஒரு பெண். ஊர் மாறி ஊர் மாறித் திரிந்த எனக்கு, தினமும் ஒரே இடத்துக்குப் போய் ஒரே இடத்துக்குத் திரும்புகிறவள் அத்தனை சுதந்திரமாகத் தெரிந்தது விசித்திரம்தான்.

போவது சுலபம். திரும்புவதுதான் கஷ்டம். மார்கழி நெருங்கினால் அவள் பஸ் விட்டு இறங்கும்போதே இருட்டிவிடும். பஸ் நிற்பது மெயின் ரோட்டில். அங்கிருந்து கரை மேல் நடந்து, செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த பள்ளத்தை ஒதுங்கி, புளியமரத்தைத் தாண்டி இறங்க வேண்டும். தெருவிளக்கு என்பது அப்போது அந்தப் பக்கம் கேள்விப்பட்ட பொருள் மட்டுமே.

பூந்தமல்லியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அவளுடைய தாய்மாமன் வாரத்துக்கு ஒரு முறை வருவார். அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்தான் சட்டம். வந்ததும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"பொட்டப்புள்ள இருட்ல வந்துகினு கீது. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா என்னத்தான் காறித் துப்புவாங்க. போதும், நின்னுக்கோ."

"எனக்குன்னு அங்க ஒரு மிஷின் கீது மாமா" என்பாள் அவள். "நான் போவலன்னா அதுல வேற யாராச்சும் குந்துவாங்க."

அவ்வளவுதான் அவளுடைய வாதம். நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கென்று சொல்லிக்கொள்ள அப்போது ஒரு நாற்காலிகூட இல்லை.

அந்த முதல் டிசம்பரில் என் கணவர் நட்சத்திரம் கட்டினார். எங்கள் ஊரில் நட்சத்திரத்தைக் கடையில் வாங்குவதை மானக்கேடாக நினைப்பார்கள். மூங்கிலைத் தப்பையாகக் கிழித்து, சணலால் கட்டி, சிவப்புப் பட்டக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு மாட்டி, ஆள் உயரத்துக்கு ஒன்று செய்தார். மொட்டை மாடியில் சவுக்குக் கம்பம் நட்டு அதன் உச்சியில் ஏற்றினார். மறுநாள் காலை அக்கா பாலோடு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மே இது, எந்தக் கட்சி சின்னம்?"

"கட்சி இல்லக்கா. சாமி பிறக்கப் போறார். அதுக்கு."

"பொறக்கட்டும், பொறக்கட்டும். ஆம்பளக் கொழந்தையா?"

அன்று மாலை மகள் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தாள். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. "பஸ்ஸாண்டேர்ந்தே தெரிதுக்கா! அத்தப் பாத்துகினே வந்துட்டேன். பள்ளத்தாண்ட மட்டும் புளியமரம் மறைக்குது. அப்பால திரும்பத் தெரிது." அந்த வாரம் மாமன் வந்தபோது அவளே அவரைக் கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் சிவப்பு வெளிச்சத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் பார்ப்பதுபோல. "சரி, அது எரியற வரைக்கும் போ" என்றார்.

அது எரியும் வரைக்கும் என்பதில்தான் சிக்கல். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தால் நட்சத்திரத்தை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு மேலும் தொங்கவிட்டால் சோம்பேறி வீடு என்பார்கள். என் கணவர் வழக்கத்தில் கெட்டி. ஜனவரியில் அந்தத் திருநாள் முடிந்த மாலை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் மாடிக்கு ஏறிவிட்டார். எங்கள் மாடிக்கு அப்போது படி கிடையாது. அக்கா எங்கிருந்தோ வந்தாள்.

"அண்ணாத்தே, இன்னா பண்றே மேல?"

"நட்சத்திரத்த எறக்குறேன். பண்டிகை முடிஞ்சாச்சுல்லா."

"கொழந்த பொறந்து எத்தினி நாளு ஆவுது?"

என் கணவர் யோசித்தார். "ரெண்டு வாரம் இருக்கும்."

"ரெண்டு வாரத்துக் கொழந்தைய இருட்ல போட்டு வெக்கிறதா? எங்க ஊட்ல எல்லாம் புள்ள பொறந்தா மாசக்கணக்கா வெளக்க அணைக்க மாட்டோம். இன்னா ஜனம்யா நீங்க!"

பேசிக்கொண்டே அவள் செய்த காரியம்தான் என்னை அசத்தியது. ஏணியை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். என் கணவர் மாடி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அவங்கள ஏணிய வைக்கச் சொல்லு."

"கேட்டியளா, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றேன் நான். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

வேதசாஸ்திரம் படித்தவர்கள் யாரும் அதற்கு முன்னால் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கொஞ்ச நேரம் மாடியில் உலாவினார். பிறகு நட்சத்திரத்தின் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டு, "சரி, ஏணிய வைங்க" என்றார்.

அந்த நட்சத்திரம் பிறகு இறங்கவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த எங்கள் கோயில் பங்குச் சாமியார் வாசலில் நின்று மேலே பார்த்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன் அக்கா குறுக்கே வந்துவிட்டாள். "அது எங்க பொண்ணு பஸ்ஸு வெளக்கு சாமியாரே. அதுல கைய வெக்காதீங்க." அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "நாற்பது வாட் போதாதே, அறுபது போடுங்க" என்று மட்டும் சொன்னார். கரண்ட் போன மாலைகளில் என் கணவர் அரிக்கேன் விளக்கைக் கொண்டுபோய்க் கம்பத்தில் கட்டினார். மாடிக்குப் படி கட்ட முடிவு செய்ததும் இதனால்தான்.

வெயில் காகிதத்தை வெளுக்கச் செய்தது. ஆடிக் காற்று அதைக் கிழித்தது. மழை மிச்சத்தைக் கரைத்துக்கொண்டு போனது. வெறும் மூங்கில் எலும்பாக அது நின்றபோது, மகள் கம்பெனியில் கழித்துப் போட்ட துணித் துண்டுகளைக் கொண்டுவந்தாள். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம்போட்ட துணி. எந்த நாட்டு ஆண்களின் தோளிலோ ஏறவேண்டிய சட்டைகளின் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் மாடியில் உட்கார்ந்து அதைக் கையாலேயே தைத்துப் போர்த்தினாள். அதன் முனைகள் ஐந்தும் காலர் நுனிபோலக் கூராக, மடிப்புக் கலையாமல் நின்றன. அவ்வளவு நேர்த்தியான தையலை நான் எந்தக் கோயில் பீடத் துணியிலும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எங்கள் நட்சத்திரம் சிவப்பாக எரியவில்லை. வாழையிலைக்குப் பின்னால் வெயில் நிற்பதுபோல மங்கிய பச்சையாக எரிந்தது.

அடுத்த டிசம்பருக்குள் ஏரிக்கரையோரம் வீடுகள் முளைத்துவிட்டன. அம்பத்தூர்க் கடைகளில் காகித நட்சத்திரம் மலிந்து தொங்கியது. எங்கள் வீட்டைப் பார்த்தோ என்னவோ, பிள்ளையார் படம் மாட்டிய வீடுகளும் மாடியில் ஒன்று கட்டின. கரை மேல் நின்றால் இருட்டில் வரிசையாகச் சிவப்பு நட்சத்திரங்கள். நான் அதை அழகு என்று மட்டும்தான் நினைத்தேன்.

அந்த மாதத்தில்தான் மாமன் மாப்பிள்ளை பார்த்தார். திருவேற்காட்டுப் பக்கம் நல்ல குடும்பம். பையனின் அம்மாவுக்கு ஒரு நிபந்தனை: பெண் வேலைக்குப் போகக் கூடாது. "வேலைய விட்டு நின்னுட்சின்னு அவங்களாண்ட சொல்லிட்டேன்" என்றார் மாமன். "அவங்க வர்ற அன்னிக்கி நீயும் உன் வாயால சொல்லிடு. இந்த மாசத்தோட சரி."

அவர்கள் வருவதாக இருந்த மாலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். என்னுடைய அரக்குப் பட்டுப்புடவையை மகளுக்குக் கட்டிவிட்டேன். பின்னலில் மல்லிகை வைக்கும்போது அவள் கழுத்து விறைத்திருந்தது.

"சொல்லிடுவியா?" என்றேன் மெதுவாக.

"வாயி வருமான்னு தெரிலக்கா. நேத்து மிஷினுக்கு எண்ணெய் போடும்போதே அழுகையா வந்துட்சி."

பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. இருட்டியும் விட்டது. ஆனால் வரவேண்டியவர்கள் வரவில்லை. கடைசியில் படலைத் தள்ளிக்கொண்டு மாமன் மட்டும் வந்தார். இடுப்புவரை சேறு. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஆகாயத்தாமரை சுற்றியிருந்தது.

"வந்துட்டாங்களா?" என்றார்.

"யாரு?" என்றாள் அக்கா.

"மாப்பிள ஊட்டுக்காரங்கதான்! இன்னும் வரல?"

நடந்தது இதுதான். பஸ்ஸிலிருந்து அவர்களை இறக்கிக் கரை மேல் அழைத்து வந்திருக்கிறார். அவருடைய சைக்கிளில் டைனமோ விளக்கு. ஏறி மிதித்தால் எரியும். தள்ளிக்கொண்டு நடந்தால் மின்மினிக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. சம்பந்தம் பேச வந்தவர்களை நடக்க விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதிப்பது மரியாதையா? தள்ளிக்கொண்டே வந்தவர் செங்கல் சூளைப் பள்ளத்தில் சைக்கிளோடு இறங்கிவிட்டார். பள்ளத்திலிருந்தபடியே, "நீங்க நிக்காதீங்க, தோ அந்த ஸ்டாரு தெரிது பாருங்க, அத்தப் பாத்துப் போய்கினே இருங்க, அதுக்குப் பின்னாடி ஊடுதான்" என்று கையைக் காட்டியிருக்கிறார்.

"எந்த எடத்துல நின்னு காட்டுனீங்க?" என்று மகள் கேட்டாள்.

"பள்ளத்தாண்டதான்."

"அங்கேர்ந்து நம்ம ஸ்டாரு தெரியாது மாமா. புளியமரம் மறைக்கும். போன வருசமே சொன்னேனே." ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள், அந்த இடத்தில் போய் நின்று பார்க்கிறவள்போல. "நேரா செவப்பா தெரியறது மதுரைக்காரர் ஊட்டு ஸ்டாரு. நம்மளுது இப்ப பச்சை."

பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். அக்கா, "ஏய், நீ பொண்ணுடி, நீயே போயி கூட்டியாந்தா இன்னா நெனைப்பாங்க?" என்று கத்தியது அவள் காதில் விழவில்லை. அவள் முன்னால், மாமன் பின்னால், அவருக்குப் பின்னால் நான்.

"மெதுவா போம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"என் முந்தானையப் புடிச்சிக்கோங்க மாமா. இங்க கல்லு. காலத் தூக்கி வெய்ங்க. இங்க எருமை ஒண்ணு படுத்துகீது, சுத்தி வாங்க."

மதுரைக்காரர் என்று நாங்கள் சொன்னது, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரரை. வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு விடுவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். தட்டில் பழமும் பூவுமாக மூன்று பேர் வாசலில் வந்து நின்றதும், வீடு பார்க்க இவ்வளவு மரியாதையாக வருகிறார்களே என்று நெகிழ்ந்துபோயிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவை அவர் அடுக்களைக்கு அழைத்துப் போயிருந்தார்.

"அடுப்படி கிழக்கு பாத்து இருக்கு, பாத்துக்கங்க. குழாயில தண்ணிக்குக் குறைவே இல்ல. குளிக்கிற ரூம்புல வெள்ளை ஓடு பதிச்சிருக்கு."

"ஊடு இம்மாம் பெருசுன்னு சொல்லவே இல்லியே!" என்றாள் அந்த அம்மா, முகம் மலர. "பொண்ணுக்குத்தான?"

"பொண்ணு, பையன் யாரு வேணாலும் இருக்கலாம். அசைவம் சமைச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து, உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிர்பார்த்த பெண் வாசல் கதவு வழியாக, சேற்றுக் காலோடு, ஒரு தாய்மாமனைப் புடவை நுனியில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வணக்கம். ஊடு இது இல்லீங்க, அந்தாண்ட கீது. வாங்க, நான் கூட்டிகினு போறேன்."

திரும்பும் வழியிலும் அவள்தான் முன்னால் நடந்தாள். அவள் குரல் மட்டும் கேட்டது. இங்கே வழுக்கும், இங்கே குனியுங்கள், இங்கே நேராக வாருங்கள். கரை மேல் காற்று ஏறி வந்தது. தவளைகள் ஒரு பக்கம் நிறுத்தினால் மறுபக்கம் தொடங்கின. மாப்பிள்ளையின் அம்மா முதலில் அவள் கையைப் பிடிக்கத் தயங்கினாள். பள்ளத்தருகே இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் சமுத்திரம் பார்த்து வளர்ந்தவள். திசை தெரிந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவையில் போகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து காபியை உறிஞ்சிய பிறகு அந்த அம்மா கேட்டாள். "இந்த வழியிலயா பொண்ணு வேலைக்குப் போய்கினு இருந்துது? நின்னது நல்லதாப் போச்சி."

பாயில் சேறு படாமல் ஓரமாகக் குந்தியிருந்த மாமனை எல்லாரும் பார்த்தோம். மகள் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவர் தன் காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"இருந்துது இல்ல" என்றார். "போய்கினுதான் கீது. தெனமும் வருது இதுல. நான் ஒரு நாளு வந்தேன், பள்ளத்துல கீறேன். அத்த நிறுத்தச் சொல்ல எனக்கு இன்னா ரைட்டு கீது, சொல்லுங்க."

பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பினார்கள்: பெண் சரிதான், ஆனால் வீடு விஷயத்தில் கொஞ்சம் மனக்குறை.

"அவங்க பொண்ணு பாக்க வர்லக்கா, குளிக்கிற ரூம்பு பாக்க வந்தாங்க" என்று மகள் என் அடுக்களையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன், இத்தனை சிவப்பு நட்சத்திரத்துக்கு நடுவே எங்களுடைய மங்கிய பச்சையைத் தினமும் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று.

"ஸ்டாரையா? அத்த நான் பாத்து மாசக்கணக்கா ஆவுதுக்கா. காலுக்கே வழி தெரிஞ்சிட்சி" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. எறக்கிடுவாரு."

நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாமன் வழக்கம்போல வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்தார். பையிலிருந்து புத்தம்புது டார்ச் லைட் ஒன்றை எடுத்து, பேட்டரி போட்டு, பொத்தானை அமுக்கிப் பார்த்து, மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கையில் வைத்து, கனம் பார்த்து, எங்கள் மாடியைப் பார்த்து, எருமைகளைப் பார்த்து ஒருமுறை வெளிச்சம் அடித்தாள். பிறகு அதை அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"நீங்க வெச்சிக்கோங்க மாமா. திரும்பிப் போறதுக்குள்ள இருட்டிடும்."